பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடுகிறார்கள்: முதுமையில் நடையும் நினைப்பும்

1997-ல் லான்செட் மருத்துவ இதழில் மிகச் சிறிய ஆய்வுக் குறிப்பு ஒன்று வந்தது. ஸ்வீடனின் வடபகுதியில் உள்ள ஊமியோ நகரில், உதவியாளர்களோடு கூடிய முதியோர் குடியிருப்பு ஒன்றில் 58 பேரைப் பார்த்தார்கள். பிசியோதெரபிஸ்ட் லில்லெமோர் லுண்டின்-ஒல்சனும் அவருடைய குழுவினரும் செய்தது இவ்வளவுதான்: முதியவரோடு சேர்ந்து நடப்பார்கள், நடக்கும்போதே பேச்சுக் கொடுப்பார்கள், அவர் நடந்துகொண்டே பதில் சொல்கிறாரா, நின்றுவிட்டுச் சொல்கிறாரா என்று குறித்துக்கொள்வார்கள். 12 பேர் நின்றார்கள். அடுத்த 6 மாதங்களில் அந்த 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள்.

கருவி இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, ஸ்கேன் இல்லை. அதனால் இந்த ஆய்வு புகழ்பெற்றது. ஆனால் இதைப் பற்றிப் பேசுகிற பலரும் அந்தக் கணக்கின் மறுபாதியைச் சொல்வதில்லை. அந்த 6 மாதங்களில் விழுந்தவர்கள் மொத்தம் 21 பேர். அதாவது, பேசிக்கொண்டே சரளமாக நடந்த 46 பேரிலும் 11 பேர் விழுந்தார்கள். பேச்சுக் கொடுத்ததும் நிற்கிறவர் விழும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் நிற்காதவர் விழமாட்டார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ‘எங்க அப்பா பேசிக்கிட்டே நல்லாத்தான் நடக்கிறார்’ என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

நின்றுவிடுவதே ஆபத்து என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்று உடம்பு கண்டுபிடித்து, ஒன்றை நிறுத்திவைக்கிறது. உண்மையில் அது புத்திசாலித்தனமான முடிவு. நிற்க வேண்டிய கட்டத்தில் நிற்காமல் போவதுதான் ஆபத்து. ஏன் நிற்க வேண்டியிருக்கிறது என்பதுதான் விளக்கம் தேவைப்படும் கேள்வி.

நடைக்கும் கவனம் செலவாகிறது

கால்களை மாறி மாறி முன்வைக்கும் தாளத்தைத் தண்டுவடத்தில் உள்ள நரம்புச் சுற்றுகளும் மூளைத்தண்டும் பார்த்துக்கொள்கின்றன. சிறுமூளை பிழை திருத்துகிறது. மூளையின் அடியாழத்தில் உள்ள நரம்புத் திரள்கள் பழகிப்போன அசைவுகளைத் தாமாக ஓடவிடுகின்றன. இவற்றுக்கெல்லாம் தகவல் நான்கு வழிகளில் வருகிறது: உள்ளங்காலின் தொடு உணர்வு, கணுக்கால் எந்தக் கோணத்தில் மடங்கியிருக்கிறது என்ற மூட்டுணர்வு, கண், உள்காதின் சமநிலை உறுப்பு. இருபத்தைந்து வயதில் இந்த நான்கும் கூர்மையாக இருப்பதால் நடை தானாக ஓடுகிறது. அந்த வயதுக்காரர் சண்டை போட்டுக்கொண்டே மாடிப்படி ஏறுவார்.

வயதாக ஆக நான்கும் கொஞ்சம் கொஞ்சமாக மங்குகின்றன. உள்ளங்காலில் அதிர்வை உணரும் திறன் குறைகிறது. சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் வேகமாக. உள்காதின் நுண்மயிர் செல்கள் குறைகின்றன. கண்புரை இல்லாவிட்டாலும் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு படிகளின் விளிம்பைப் பிரித்தறிவது கடினமாகிறது. தசையிலும், சட்டென்று சுருங்கும் வகை இழைகள்தான் முதலில் மெலிகின்றன. தடுக்கினால் அடுத்த காலைப் பாய்ந்து ஊன்றச் செய்வது அந்த இழைகள்தான்.

ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சிறிய இழப்பு. எல்லாம் சேரும்போது, முன்பு தானாக நடந்த வேலையைக் கவனம் கொடுத்துச் செய்ய வேண்டியதாகிறது. அந்தக் கவனத்தைத் தருவது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடல். திட்டமிடுவது, இரண்டு வேலைகளுக்கு நடுவே மாறுவது, தேவையற்றதை ஒதுக்குவது ஆகியவையும் அதன் பொறுப்புதான். கடைக்காரரிடம் மீதிச் சில்லறையைக் கணக்கிடவும், பேரன் கேட்ட கேள்விக்குப் பதில் தேடவும் அதே முன்மடல்தான் வேண்டும். கெடுவாய்ப்பாக, வயதால் அதிகம் சுருங்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று. அதை மற்ற பகுதிகளோடு இணைக்கும் வெண்பொருள் இழைகளிலும் சிறு ரத்தக்குழாய்ச் சேதங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. ஒரு குடும்பத்தில் வரவு குறையும்போதே செலவும் கூடினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கே நடக்கிறது.

இதை நேரடியாகவும் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில் ரோயி ஹோல்ட்ஸர் குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், நெற்றியில் அகச்சிவப்பு ஒளி உணரிகளைப் பொருத்திக்கொண்டு ஆட்கள் நடந்தார்கள். முதலில் வெறும் நடை. பிறகு ஆங்கில எழுத்துகளை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே நடை. சொல்லிக்கொண்டே நடந்தபோது எல்லோருக்கும் முன்மடல் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு கூடியது. இளையோருக்குக் கூடிய அளவு முதியோருக்குக் கூடவில்லை. தேவை அதிகமாக இருக்கும் இடத்தில், கூடுதலாக இறக்கிவிடக் கையிருப்பு குறைவு என்று இதைப் படிக்கலாம்.

இரண்டு வேலைகளும் ஏன் மோதிக்கொள்கின்றன என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. கவனம் என்பது ஓர் அளவான கொள்ளளவு, இருவரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. முடிவெடுக்கும் இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே போகக்கூடிய குறுகல் இருக்கிறது, இரண்டாவது முடிவு காத்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு இரண்டாவது விளக்கமே அதிகம் பயன்படும். இயல்பான நடையில் ஓர் அடிக்கு ஏறக்குறைய அரை விநாடிதான் ஆகிறது. பதில் யோசித்துக்கொண்டிருக்கும் மூளை, ‘கால் தடுக்கியது’ என்ற செய்தியைக் கவனிக்கக் கால் விநாடி தாமதித்தாலும், அடுத்த அடியை ஊன்ற வேண்டிய நேரத்தில் பாதி போய்விட்டது.

காலில் என்ன மாறுகிறது

வேகம் குறைவதுதான் முதலில் கண்ணில் படும். ஆனால் மெதுவாக நடப்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. இரண்டு பாதமும் தரையில் இருக்கும் நேரத்தை நீட்டி, உடம்பு தன்னைப் பாதுகாத்துக்கொள்கிறது. கவலைப்பட வேண்டியது அடிகளின் சீரின்மையைக் கண்டுதான். நலமாக இருப்பவரின் நடையில் ஓரடிச் சுற்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள நேர வேறுபாடு ஓரிரு சதவீதம்தான். கடிகாரம்போல ஓடும் அந்தத் தாளம், மனக்கணக்குப் போட்டுக்கொண்டே நடக்கும்போது சிலருக்குக் கலைந்துபோகிறது: ஓரடி நீளமாக, அடுத்தது குட்டையாக, நடுவே ஒரு தயக்கம். ஜெஃப்ரி ஹவுஸ்டார்ஃப் போன்ற நடை ஆய்வாளர்கள், விழப்போகிறவரைக் கண்டுகொள்ள வேகத்தைவிட இந்தக் கலைவையே உன்னிப்பாகப் பார்க்கிறார்கள்.

நிலைப்படியிலும் மிதியடி விளிம்பிலும் ஏன் தடுக்குகிறது என்பதற்கான பதிலும் இதற்குள் இருக்கிறது. காலை முன்னால் வீசும்போது, கட்டைவிரல் நுனி தரைக்கு மிக அருகில் வரும் கணத்தில் இடைவெளி ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான். எப்போதும் அதே உயரத்தில் கடந்தால் பிரச்சினை இல்லை. உயரம் அடிக்கு அடி மாறினால், நூறு அடியில் ஓரடி தரையை உரசிவிடும். சுருண்ட மிதியடியின் ஓரத்துக்கு அந்த ஓரடி போதும்.

திரும்புவது நேர்நடையைவிடக் கடினம். நேராக நடக்கும்போது தாளத்தைத் தண்டுவடமே ஓட்டிவிடலாம். திரும்பும்போது எந்தக் காலை எங்கே வைப்பது, எடையை எப்போது மாற்றுவது என்று ஒவ்வோர் அடிக்கும் முடிவு வேண்டும். ‘அம்மா, சாவிய எங்க வெச்சீங்க?’ என்று பின்னாலிருந்து கேட்கும் கேள்வி, ஒரே நேரத்தில் நினைவில் தேடவும் சொல்கிறது, கழுத்தைத் திருப்பவும் சொல்கிறது, உடம்பையும் திருப்பச் சொல்கிறது. மூன்று வேலைகள்.

எந்த வயதில் தொடங்குகிறது

எழுபதுக்கு மேல்தான் என்று பொதுவாக நினைக்கிறோம். பார்சிலோனாவில் 40 முதல் 64 வயது வரையிலான நடுத்தர வயதினரைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானபோது வேறு படம் கிடைத்தது. வெறுமனே நடப்பதில் இந்த வயது எல்லைக்குள் பெரிய மாற்றம் இல்லை. மனக்கணக்குப் போட்டுக்கொண்டே நடக்கும் திறன் மட்டும் ஐம்பதுகளின் நடுவிலிருந்து, ஏறத்தாழ 54 வயதைத் தாண்டியதும், சரியத் தொடங்குகிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. அறுபதைத் தாண்டியும் ஐம்பது வயதுக்காரருக்கு நிகராகச் செய்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குச் சிந்தனைத் திறன் சோதனைகளிலும் மதிப்பெண் நன்றாக இருந்தது. அலுவலகம் போய்வரும், இருசக்கர வண்டி ஓட்டும் வயதில் தொடங்கும் மாற்றம் இது. யாரும் கவனிக்காததற்குக் காரணம், அந்த வயதில் யாரும் யாரையும் சோதித்துப் பார்ப்பதில்லை என்பதுதான்.

எதை விட்டுக்கொடுக்கிறார்கள்

இரண்டும் முடியாது என்னும்போது நலமான முதியவர்கள் பெரும்பாலும் காலைக் காப்பாற்றிக்கொண்டு பேச்சை விட்டுக்கொடுக்கிறார்கள். பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மனித மேம்பாட்டு ஆய்வு நிறுவனத்தில் உல்மன் லிண்டன்பெர்கர், பவுல் பால்டஸ் முதலியோர் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆட்களைக் குறுகிய பாதையில் நடக்கவிட்டுச் சொற்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இன்னொரு சுற்றில் உதவிகளும் தந்தார்கள்: நடைக்குக் கைப்பிடி, நினைவுக்கு ஓர் உதவிக் கருவி. இளையோர் நினைவுக்கான உதவியை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். முதியோர் கைப்பிடியைப் பிடித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எலும்பு முறிந்தால் திரும்ப எழுவது எவ்வளவு கடினம் என்று அந்த உடம்புக்குத் தெரியும்.

பார்கின்சன் நோய் உள்ள பலரிடம் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. தட்டை ஏந்திக்கொண்டு, பேசிக்கொண்டு, நடந்துகொண்டு எல்லாவற்றையும் ஒருசேரச் செய்யப் பார்க்கிறார்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதில்லை. மறதி நோயிலும், ‘இது என்னால் முடியாது’ என்று உணரும் தீர்ப்பே மழுங்குவதால் இதேதான். இவர்களிடம் ‘பேசினால் நிற்கிறாரா’ என்ற சோதனை ஏமாற்றிவிடும்.

வீட்டில் அளந்து பார்ப்பது

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டாம். தடையில்லாத 10 மீட்டர் நீளம், ஒட்டும் டேப், கைபேசியின் ஸ்டாப்வாட்ச் போதும். தொடக்கத்தில் 2 மீட்டரும் முடிவில் 2 மீட்டரும் விட்டுவிட்டு, நடுவில் 6 மீட்டருக்கு இரண்டு கோடுகள் ஒட்டுங்கள். வேகமெடுப்பதும் நிற்பதும் கணக்கில் வராமல் இருக்கத்தான் அந்த ஓரங்கள். வழக்கமான செருப்பு, வழக்கமான கண்ணாடி, பயன்படுத்துவதாக இருந்தால் கைத்தடி. ஒருவர் நேரம் பார்க்க, இன்னொருவர் முதியவருக்குப் பக்கவாட்டில், அரையடி பின்தங்கி, தொடாமல் கையெட்டும் தூரத்தில் வர வேண்டும். முன்னால் போனால் அவரைப் பார்த்து நடையை மாற்றிக்கொள்வார்.

முதலில் உட்காரவைத்து, 100-லிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எண்ணச் சொல்லி 15 விநாடியில் எத்தனை சரியாகச் சொல்கிறார் என்று குறியுங்கள். பிறகு வெறும் நடை, இரண்டு முறை, சராசரி. பிறகு எண்ணிக்கொண்டே நடை. இந்த முறை வேறு எண்ணிலிருந்து, 90 என்று வைத்துக்கொள்ளலாம். ‘எண்ணுவதில் கவனம் வையுங்கள்’ என்றோ ‘நடையைப் பாருங்கள்’ என்றோ சொல்லக் கூடாது. இரண்டையும் முடிந்தவரை நன்றாகச் செய்யுங்கள் என்பதோடு சரி.

6 மீட்டரை 6 விநாடியில் நடந்தால் வேகம் விநாடிக்கு 1 மீட்டர். எண்ணிக்கொண்டே நடந்தபோது ஏழரை விநாடி ஆனால் வேகம் 0.8 மீட்டர். குறைந்தது 0.2, முதல் வேகத்தில் அது 20 சதவீதம். இதைத்தான் இரட்டைப் பணிச் செலவு என்கிறார்கள். ஆனால் இதோடு நிறுத்தினால் பாதிதான் தெரியும். வேகம் அப்படியே இருந்து, உட்கார்ந்திருக்கும்போது 15 விநாடியில் 12 எண்கள் சொன்னவர் நடக்கும்போது 15 விநாடிக்கு 6 என்ற வீதத்தில் மட்டும் சொன்னார் என்றால், செலவு நினைப்பின் பக்கம் 50 சதவீதம் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் எழுதிவைக்க வேண்டும்.

இந்தச் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் கொடுக்கும் வேலையின் தேர்வில்தான். முன்னோக்கி எண்ணச் சொன்னால் அது தாளமாகிவிடும். அடியும் அதோடு சேர்ந்து சீராகக்கூடும். தினமும் சொல்லும் பக்திப் பாடலும் அப்படியே: அது நாக்கிலிருந்து தானாக வரும், முன்மடலைத் தொடாது. மிக இலேசான வேலை, நிற்கும் உடம்பின் ஆட்டத்தைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும் என்று 2006-ல் வந்த ஒரு பெர்லின் ஆய்வு காட்டியிருக்கிறது. கவனம் காலிலிருந்து விலகியதால் தானியங்கி நடைமுறை தடையின்றி வேலை செய்கிறது என்பது விளக்கம். வேலை கடினமாகும்போதுதான் முதியவர்களுக்கு ஆட்டம் கூடுகிறது. மறுபக்கம், பள்ளி போகாத பாட்டியிடம் 100-லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னால் அவர் கூச்சத்தில் நின்றுவிடுவார். அதை நோய் என்று எழுதிவிடுவோம். அவருக்குக் காய்கறிப் பெயர்கள், விலங்குப் பெயர்கள், பங்குனியிலிருந்து பின்னோக்கித் தமிழ் மாதங்கள் ஆகியவை பொருத்தம். மளிகைக் கடை நடத்தியவருக்கு நேர்மாறு: கழித்தல் அவருக்குப் பழகிப்போனது, பெயர்ப் பட்டியல் கொடுங்கள். ஒரு நாள் இரண்டு தடவைக்கு மேல் சோதித்தால் பழக்கத்தால் முடிவு மேம்பட்டுத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில், அதே வேலையோடு அளந்தால் ஒப்பிடலாம்.

மருத்துவமனைகளில் இதன் இன்னொரு வடிவம் நடக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனை 1991-ல் வந்தது. அதையே கையில் ஒரு தம்ளர் தண்ணீரோடு செய்யச் சொல்லி, ஊமியோ குழுவினர் 1998-ல் ஒப்பிட்டார்கள். வெறுங்கையோடு செய்ததைவிடத் தண்ணீரோடு செய்ய நாலரை விநாடிக்கு மேல் கூடுதலாகத் தேவைப்பட்டவர்களே பின்னர் அதிகம் விழுந்தார்கள். எழுதல், திரும்புதல், உட்காருதல் மூன்றும் இதில் இருப்பதால் நேர்நடைச் சோதனையைவிட இது வாழ்க்கைக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

நடையில் தெரியும் மறதி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள லண்டன் நகரில் மானுவேல் மொன்டேரோ-ஒடாஸ்ஸோ குழுவினர், லேசான நினைவுக் குறைவு உள்ள 112 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2017-ல் எழுதினார்கள். வெறும் நடையின் வேகத்தை வைத்து, யாருக்குப் பின்னால் மறதி நோய் வரும் என்று பிரிக்க முடியவில்லை. பின்னோக்கி எண்ணிக்கொண்டே நடக்கும்போது வேகம் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தவர்களுக்கு மறதி நோய் வரும் வீதம் மற்றவர்களைவிட 3 மடங்குக்கு மேல் இருந்தது. விலங்குப் பெயர் சொல்லி நடந்தபோது அப்படிக் குறைந்தவர்களுக்கு 2 மடங்குக்கு மேல்.

இந்த 20 சதவீதத்தை வீட்டில் அளந்ததோடு பொருத்திப் பார்த்துப் பதறக் கூடாது. அந்த 112 பேரும் ஏற்கெனவே நினைவுக் குறைவு உள்ளவர்கள். ஆய்வகத்தில் உணரிகள் பதித்த விரிப்பின் மேல் நடந்தவர்கள். நினைவில் குறையே இல்லாத, முழங்கால் தேய்ந்த ஒருவருக்கும் 20 சதவீதம் குறையலாம். அவருக்கு வலியே கவனத்தைத் தின்றுவிடுகிறது.

நம் பக்கத்திலும் இதையொட்டிய வேலை நடந்திருக்கிறது. மறதி பற்றிய முறையீடும் வயதுக்கு மீறிய மெதுவான நடையும் சேர்ந்து இருந்தால் அதையே முன்னெச்சரிக்கையாக எடுக்கலாம் என்று நரம்பியல் மருத்துவர் ஜோ வர்கீஸ் 2013-ல் முன்வைத்தார். அந்த வரையறையைப் பல நாடுகளில் சோதித்தபோது கேரளத்தில், கோழிக்கோட்டை மையமாகக் கொண்ட முதியோர் ஆய்வின் தரவுகளும் சேர்க்கப்பட்டன. ஸ்கேன் வசதி இல்லாத ஊரிலும் செய்ய முடிவது இதன் பலம்.

வீட்டில் எங்கே மாட்டுகிறார்கள்

கீழே விழுந்த கதையை விசாரித்தால், பெரும்பாலும் ‘என்னமோ நெனச்சுக்கிட்டே போனேன்’ என்ற வரி வரும். அந்த ‘என்னமோ’ எவை என்று பார்ப்பது பயன்தரும்.

தொலைபேசி மணி முதலாவது. அறை மாறிப் போய் எடுக்க வேண்டிய இடத்தில் கைபேசி இருந்தால், அவசரம், யார் என்ற யோசனை, திரும்பல் எல்லாம் ஒன்றாகச் சேரும். துணிப்பை ஒன்றைக் கழுத்திலோ இடுப்பிலோ தொங்கவிட்டு அதில் வைப்பது எளிய தீர்வு. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், மணி அடித்து எடுக்காவிட்டால் ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் கூப்பிடுவோம் என்று சொல்லிவைத்து, சொன்னபடி செய்தால் பாதி ஓட்டம் நின்றுவிடும்.

அடுத்தது இரவில் சிறுநீருக்கு எழுவது. அடக்க முடியாத உணர்வே கவனத்தைப் பிடுங்கும் ஒரு ‘இரண்டாவது வேலை’தான், அதோடு இருட்டால் கண்ணின் உதவியும் போய்விடுகிறது, படுக்கையிலிருந்து சட்டென எழுவதால் ரத்த அழுத்தமும் இறங்குகிறது. கட்டிலிலிருந்து கழிவறை வரை கால் மட்டத்தில் சிறு விளக்கு, கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுவது, ஆண்களுக்குப் படுக்கையோரத்தில் சிறுநீர்க் குடுவை. இவை கூச்சப்பட வேண்டிய ஏற்பாடுகள் அல்ல.

விளிம்புவரை நிரப்பிய காபித் தம்ளர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தளும்பாமல் பார்க்கும் கண், தரையைப் பார்ப்பதில்லை; கை பிடியில் மாட்டியிருப்பதால் தடுக்கினால் சுவரையும் பிடிக்க முடியாது. பாதி தம்ளர், மூடிபோட்ட சொம்பு, அல்லது அடுப்படியிலேயே ஒரு நாற்காலி. பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பதும் இதே கணக்கில் வரும், இன்னும் மோசமாக: குழந்தை அசையும்.

கூடவே நடந்து போகிறவர்கள் பேசாமல் வர வேண்டும் என்பதில்லை. சமதளத்தில், நல்ல வெளிச்சத்தில் பேசலாம். நிலைப்படி, படிக்கட்டு, ஈரத்தரை, சாலையைக் கடப்பது, பேருந்தில் ஏறுவது ஆகிய இடங்களில் பேச்சை நிறுத்துங்கள். நடுவில் கேள்வி கேட்காதீர்கள். ‘பாத்து, பாத்து’ என்ற கூச்சலும் கேள்விதான். விழுந்துவிடுவோமோ என்ற பயம் ஒவ்வோர் அடியையும் யோசித்து வைக்கச் செய்கிறது. தானாக ஓடும் நடையில் யோசனை புகுந்தால் நடை இறுகிப்போகும். பேருந்தில் ஏறும் முன்பே சில்லறையைக் கையில் எடுத்துக்கொள்வதும், உட்கார்ந்த பிறகே டிக்கெட் வாங்குவதும் நல்லது.

பயிற்சியால் மாறுமா

மாறும். ஆனால் எப்படிப் பயிற்சி செய்கிறோம் என்பதைப் பொறுத்து. 2009-ல் பதிமா சில்சுபடோல் குழுவினர் சமநிலைக் குறைவுள்ள முதியவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு நடை, சமநிலைப் பயிற்சி மட்டும் செய்தது. இரண்டாவது பிரிவு அதே பயிற்சியை மனவேலையோடு சேர்த்து, இரண்டிலும் சமமாகக் கவனம் வைத்துச் செய்தது. மூன்றாவது பிரிவு கவனத்தை மாற்றி மாற்றி வைத்தது: பாதி நேரம் சமநிலையில், மறுபாதி மனவேலையில். 45 நிமிடம், வாரம் 3 நாள், 4 வாரம். மூன்றாவது பிரிவுக்குப் பலன் இரண்டாவது வாரத்திலேயே தெரிந்தது; 12 வாரம் கழித்தும் நின்றது. பங்கேற்றவர்கள் 23 பேர்தான், ஆகவே சிறிய ஆய்வு. ஆனாலும் அது சொல்வது முக்கியம்: இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்வதைவிட, கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பழக்கத்தைத்தான் பயில வேண்டியிருக்கிறது. வெறும் நடைப்பயிற்சி மட்டும் செய்தவருக்கு வெறும் நடை மேம்படும். பேசிக்கொண்டு நடப்பது பெரிதாக மேம்படாது.

ஜெனீவாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 134 பேர், வாரம் ஒரு மணி நேரம், 6 மாதம், பியானோ இசைக்கு ஏற்ப நடந்தார்கள். இசை மாறும்போதெல்லாம் நடையையும் திசையையும் கை அசைவையும் மாற்ற வேண்டும். 2011-ல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களிடம் விழும் வீதம் மற்றவர்களின் வீதத்தில் பாதிக்கும் கீழே இருந்தது. கேட்பது, முடிவெடுப்பது, அடியை மாற்றுவது எல்லாம் ஒரே வகுப்பில் இருப்பதே காரணமாக இருக்க வேண்டும். கும்மி, கோலாட்டம் தெரிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. ஆனால் தடியைச் சுழற்றிச் சுற்றுவதற்கு முன் சமநிலை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

வீட்டில் தொடங்குபவருக்கு ஒரு வரிசை. சமையல் மேடையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, கால்களைச் சேர்த்து நின்று ஒரு நிமிடம் காய்கறிப் பெயர்கள். அது சுலபமானால், ஒரு காலை மற்றதற்கு முன் அரையடி வைத்து அதே வேலை. பிறகு சமதளத்தில் நடை: 30 விநாடி அடி சீராக விழுவதில் மட்டும் கவனம், அடுத்த 30 விநாடி பின்னோக்கி எண்ணுவதில் கவனம், இப்படி மாற்றி மாற்றி 5 நிமிடம். அதன் பிறகே திரும்புவது, பிறகு பாதித் தம்ளர் தண்ணீர். ஒரு படியில் மூன்று நாள் தொடர்ந்து தடுமாறாமல் செய்த பிறகே அடுத்தது. படிக்கட்டிலும் ஈரத்தரையிலும் சாலையிலும் இந்தப் பயிற்சி கூடவே கூடாது. கடந்த ஓராண்டில் இரண்டு முறை விழுந்தவர், எழுந்தால் தலைசுற்றுகிறவர், பார்கின்சன் உள்ளவர் ஆகியோர் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே செய்ய வேண்டும்.

பயிற்சியைவிடச் சீக்கிரம் பலன் தரும் சில திருத்தங்கள் இருக்கின்றன. அவற்றைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். காது மந்தமானவருக்கு ஒவ்வொரு சொல்லையும் ஊகித்துப் பிடிப்பதே பெரிய மனவேலை; காது கேட்கும் கருவி பேச்சின் செலவைக் குறைக்கும். தூரமும் கிட்டமும் ஒன்றாக உள்ள கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே பார்த்தால் படி மங்கலாகத் தெரியும்; வெளியே போகத் தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி நல்லது. சளிக்கென்று மருந்துக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் மாத்திரை, தூக்க மாத்திரைகள், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவை முன்மடலையே மந்தமாக்குகின்றன. இவற்றைத் தானாக நிறுத்தாமல், எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுவது சரி.

உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நிலை

வயதால் வரும் மாற்றம் ஆண்டுக்கணக்கில் நகரும். போன வாரம் வரை பேசிக்கொண்டே நடந்தவர் இந்த வாரம் பேச்சுக் கொடுத்தால் நின்றுவிடுகிறார் என்றால் அது முதுமை அல்ல. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, சில வாரங்களுக்கு முன் தலையில் பட்ட அடியால் மூளையைச் சுற்றி மெல்லக் கசியும் ரத்தம், சிறு பக்கவாதம் எதுவாகவும் இருக்கலாம். முகம் கோணல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு. பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நடை, சிறுநீரை அடக்க முடியாமை, மறதி இந்த மூன்றும் சில மாதங்களில் சேர்ந்து வந்தால், மூளைக்குள் நீர் தேங்கும் நோய்க்குப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்; அறுவை சிகிச்சையால் நடை திரும்பக்கூடிய ஒரு சில நோய்களில் அது ஒன்று. மருத்துவரிடம் போகும்போது விழுந்த தேதி, நேரம், அந்தக் கணத்தில் என்ன செய்துகொண்டிருந்தார், யார் பேசிக்கொண்டிருந்தார்கள், முந்தைய இரண்டு வாரங்களில் மாற்றிய மருந்து என்ன என்று ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ‘வழுக்கி விழுந்துட்டாங்க’ என்ற ஒரு வரியைவிட அந்தத் தாள் அவருக்கு உதவும்.